ஃபெயில் சார் வீட்டு லைசன்ஸ்

ஊரில் பாதிப் பேருக்கு அவருடைய பெயர் தெரியாது. டிரைவிங் லைசன்ஸ் டெஸ்ட் நடக்கும் அந்த அலுவலகத்துக்கு ஒரு தடவையாவது போய் வந்தவர்கள் எல்லாரும் அவரை 'ஃபெயில் சார்' என்றுதான் சொன்னார்கள். முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள். அவர் கொஞ்சம் தள்ளிப் போனதும் சொல்வார்கள். அது அவருக்கும் தெரியும். காது அவருக்கு நன்றாகவே கேட்கும்.

பார்க்க ஒன்றும் பயங்கரமான ஆள் இல்லை. ஒல்லியான உடம்பு, சட்டைப் பையில் இரண்டு பேனா, கையில் ஒரு கிளிப் அட்டை. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டு, "வண்டியை எடுங்க" என்பார். மீசை அரும்பாதவனுக்கும் 'எடுங்க'தான், கம்பெனி முதலாளிக்கும் 'எடுங்க'தான். டெஸ்ட் முடிந்ததும், "வண்டி நல்லா ஓட்டுறீங்க. ரோட்டைத்தான் பாக்க மாட்டேங்கிறீங்க. அடுத்த தடவை வாங்க" என்று அதே குரலில் சொல்லிவிட்டு இறங்கிப் போய்விடுவார். திட்டினாலாவது திருப்பிச் சண்டை போடலாம். இப்படி மரியாதையாகத் தோற்கடிக்கிறவரிடம் என்ன செய்வது?

ஒருத்தர் பெரிய பழக்கூடையோடு வீட்டுக்கே வந்துவிட்டார். இவர் கூடையைத் தொடவில்லை. வாசல் வரை கூடவே போய் வழியனுப்பினார். வந்தவர் காரைப் பின்னால் எடுக்கும்போது கண்ணாடியைப் பார்க்காமல் எடுத்தார். இவர் கைகாட்டி நிறுத்தி, "இதைத்தான் அன்னைக்கும் சொன்னேன்" என்றார். முடிதிருத்துகிறவர் கதை இன்னும் மோசம். அவர் மூன்று தடவை ஃபெயில். மாதாமாதம் அவர் கத்தியின் கீழேதான் இவர் கழுத்தை நீட்டி உட்கார வேண்டும். "சார், என் விஷயம்..." என்று கத்தி தொண்டைக்குழிக்கு வந்ததும் அவர் பேச்சை ஆரம்பிப்பார். இவர் அசையாமல், "லெஃப்ட்ல திரும்பும்போது சிக்னல் போடணும்" என்பார். இருந்தும் கழுத்தில் ஒரு கீறல் கூட விழுந்ததில்லை. அந்த முடிதிருத்துகிறவரும் லேசுப்பட்ட மனுஷர் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

இப்படிப்பட்டவரோடு இருபது வருஷத்துக்கு மேலாகக் குடித்தனம் நடத்துகிறவள் பாடு எப்படி இருக்கும்? அவர் மனைவியைக் கேட்டால் தெரியும். கடைக்குப் போனால் எடை போடுகிறவரின் மச்சான் ஃபெயிலாகியிருப்பான். பக்கத்து வீட்டில் ஒரு விசேஷம் என்றால் அந்த வீட்டுப் பெண் ஃபெயிலாகியிருப்பாள். ஆபீஸ் தலைமை அதிகாரியின் மைத்துனரையே மனுஷர் விட்டுவைக்கவில்லை. "பிழைக்கத் தெரியாத மனுஷரைக் கட்டிக்கிட்டு வந்தேன்" என்று அவள் தன் தங்கையிடம் போனில் வாரம் தவறாமல் புலம்புவாள். வீட்டிலும் அவருக்கு அதே நாக்குதான். சாப்பாடு எப்படி இருக்கிறது என்று கேட்டால், உப்பு கம்மி என்றால் கம்மி என்பார். புதுப் புடவை கட்டி வந்து நின்றால், "கலர் உனக்கு எடுக்கல" என்பார். கல்யாணமான புதிதில் இதற்காக அவள் அழுதிருக்கிறாள். பிறகு ஒரு விஷயம் பிடிபட்டது. அந்த வாய் எப்போதாவது "நல்லா இருக்கு" என்று சொன்னால், அது நிஜமாகவே நல்லா இருக்கும். அப்படிச் சொல்கிற நாட்களில் அவளுக்குக் கால் தரையில் பாவாது.

ஆபீசில் வாயைத் திறக்காதவர், சாப்பாட்டு மேஜைக்கு வந்துவிட்டால் மடை திறந்த மாதிரி பேசுவார். யார் என்று பெயர் மட்டும் சொல்ல மாட்டார். மற்றதெல்லாம் சொல்வார். "இன்னைக்கு ஒருத்தர், நீல கேட் கிட்ட நான் நிறுத்தச் சொன்னா, 'எங்க சார்?'னு என்னைத் திரும்பிப் பாக்கிறார்" என்று சொல்லிச் சிரிப்பார். அந்த நீல கேட் ஒரு பழைய கிடங்குடையது. டெஸ்ட் வண்டி போகிற வழியில், ஆள் நடமாட்டம் இல்லாத ரோட்டில் இருந்தது. திடீரென்று யாராவது குறுக்கே வந்தால் வண்டியை நிறுத்தத் தெரிகிறதா என்று பார்க்க, கிளிப் அட்டையால் டாஷ்போர்டில் ஒரு தட்டு தட்டி "நிறுத்துங்க" என்பார். பின்னால் வண்டி வராத இடம் அது ஒன்றுதான் என்பதால் எப்போதும் அங்கேதான் தட்டுவார். டெஸ்டுக்கு வருகிறவர்களுக்கு அது தெரியாது. எங்கே தட்டுவார் என்பது தெரிந்தால் அது என்ன டெஸ்ட்?

அவள் சட்டைக்குப் பட்டன் தைக்கிற கம்பெனியில் வேலை பார்த்தவள். கம்பெனியை மூடிவிட்டார்கள். பெண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்பியாகிவிட்டது. பகலெல்லாம் வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்க அவளால் முடியவில்லை. வயதானவர்களைக் காலையில் கூட்டிவந்து மாலையில் கொண்டுபோய் விடுகிற பகல் இல்லம் ஒன்று பக்கத்தில் இருந்தது. அங்கே வேன் ஓட்ட ஆள் தேடுகிறார்கள் என்று தெரிந்ததும், யாரிடமும் சொல்லாமல் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள். சொல்லிக்கொடுத்தவருக்கு 'கிளட்ச் அண்ணன்' என்று பேர். "எல்லா வியாதிக்கும் கிளட்சுதான் காரணம்" என்பது அவர் கொள்கை. நன்றாகவே கற்றுக்கொண்டாள். இல்லத்து மேலாளர் அம்மா, "லைசன்ஸோட வாங்க, திங்கக்கிழமையே வண்டி உங்க கையில" என்று சொல்லிவிட்டார்.

மிச்சம் இருந்தது டெஸ்ட். அந்த ஆபீசில் டெஸ்ட் எடுக்கிறவர்கள் இரண்டே பேர். இன்னொருத்தர் கால் முறிந்து கட்டுப் போட்டுப் படுத்திருந்தார். "சொந்தப் பொண்டாட்டிக்கு நான் எப்படி டெஸ்ட் எடுக்கிறது?" என்று இவர் தலைமை அதிகாரியிடம் போய் நின்றார். அதிகாரி தன் மைத்துனரை மறக்காதவர். "எல்லாருக்கும் எடுக்கிறீங்க இல்ல, வீட்டுக்காரம்மாவுக்கும் எடுங்க. பாக்கிறேன்" என்றார். சாட்சிக்கு ஆபீஸ் குமாஸ்தாவைப் பின் சீட்டில் உட்காரவைக்கும்படி இவர் கேட்டு வாங்கிக்கொண்டார்.

டிரைவிங் ஸ்கூல் வேனில் ஏறியதும் அவர் பெல்ட்டை மாட்டிக்கொண்டு, "வண்டியை எடுங்க" என்றார்.

கட்டிய மனைவியை 'எடுங்க' என்கிறாரே என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு எடுத்தாள். சிக்னல், திருப்பம், மேட்டில் நிறுத்தி எடுப்பது எல்லாம் சுத்தமாக வந்தன. கிடங்கு ரோட்டில் திரும்பியதும் தூரத்தில் நீல கேட் தெரிந்தது. வருஷக்கணக்காகக் காதால் மட்டுமே பார்த்த கேட். அதைக் கண்டதுமே அவள் வலது கால் ஆக்ஸிலேட்டரை விட்டு நகர்ந்து பிரேக்கின் மேல் போய்க் காத்திருந்தது. ரோடு அங்கே லேசான இறக்கம். காலை எடுத்தாலும் வேகம் குறையவில்லை. அட்டை தட்டப்பட்டது. வண்டி அந்த இடத்திலேயே நின்றது. பின் சீட்டுக் குமாஸ்தாவின் மூக்குக்கண்ணாடி மடியில் விழுந்தது.

ஆபீஸ் வாசலில் இறங்கும்போது அவர் சொன்னார்: "ரொம்ப நல்லா நிறுத்துனீங்க. நான் பாத்ததிலேயே இதுதான் நல்ல பிரேக். பாஸ்."

அன்று மாலை அவள் வாயெல்லாம் பல். தங்கைக்குப் போன், பெண்ணுக்குப் போன். சாப்பாட்டு மேஜையில் அவருக்குப் பரிமாறிக்கொண்டே பேசினாள், பேசினாள், பேசிக்கொண்டே இருந்தாள். அவரும் வழக்கமில்லாத வழக்கமாக, "எல்லாம் நல்லா இருக்கு" என்று இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அந்த சந்தோஷத்தில்தான் அவள் வாயைக் கொடுத்தாள்.

"நீங்க அட்டையைத் தட்டுற வரைக்கும் நான் ஏன் காத்திருக்கணும்? நீல கேட்டைப் பாத்ததுமே காலைத் தூக்கி பிரேக்ல வெச்சிட்டேன்ல. இத்தனை வருஷமா அந்தக் கேட்டைப் பத்திக் கேட்டுக் கேட்டு எனக்குக் காதே புளிச்சுப்போச்சு."

அவர் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

"முன்னாடியே வெச்சிட்டியா?"

"ஆமா. ஏன்?"

 அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கையைக் கழுவினார். ஏதோ வரப்போகிறது என்று அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. இந்த மனுஷரை அவளுக்குத் தெரியாதா?

மறுநாள் காலை அவர் ஆபீசுக்குக் கிளம்பி, சமையலறை வாசலில் வந்து நின்றார். அவள் டீ வடிகட்டிக்கொண்டிருந்தாள்.

"உங்க டெஸ்ட் செல்லாது" என்றார்.

அவள் திரும்பிப் பார்த்தாள். தன் சமையலறையில், தன் புருஷன் வாயிலிருந்து வந்த அந்த 'உங்க'தான் அவளைச் சுட்டது. அவருக்கே தான் சொன்னது உறைத்து, முகம் சுண்டிப்போனது.

"உன் டெஸ்ட்" என்று திருத்திக்கொண்டார். "நான் போய்ச் சொல்லணும்."

"என்னன்னு சொல்லுவீங்க?"

"எங்க நிறுத்தச் சொல்லுவேன்னு உனக்கு முன்னாடியே தெரியும்னு."

"பொண்டாட்டி புருஷன்கிட்ட சொன்னதை ஆபீஸர் எப்படிக் கேக்கலாம்?"

"ரெண்டு பேருக்கும் ஒரே காதுதான்" என்றார். "தப்பு உன்னோடது இல்ல. இத்தனை வருஷம் இந்த மேஜையில உக்காந்து இடத்தைச் சொல்லிக் குடுத்தது நான்."

"தப்பு உங்களோடதுன்னா தண்டனை ஏன் எனக்கு?"

 இல்லாத பதிலை உருவாக்கிச் சொல்கிற பழக்கம் அவருக்கு இல்லை. டீயைக் குடிக்காமலே போய்விட்டார். அவள் அந்த டீயை அப்படியே கழுவும் தொட்டியில் கொட்டினாள். அவர் மேல் அவளுக்கு வந்த கோபத்துக்கு அந்த டம்ளர் உடையாமல் தப்பித்தது பெரிய விஷயம்.

கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. தலைமை அதிகாரி. குரலில் தேன் ஒழுகியது.

"அம்மா, உங்க வீட்டுக்காரர் என் முன்னாடிதான் நிக்கிறாரு. என்னென்னவோ சொல்றாரு. ஏற்கெனவே பாஸ் போட்டு அனுப்புனதை ரத்து பண்ணணும்னா ஆபீசுக்கே தலைகுனிவு. மேலிடம் கேள்வி கேக்கும். நீங்க விளையாட்டாத்தானே சொன்னீங்க? ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. லைசன்ஸ் உங்க கைக்கு வந்துடும், விஷயமும் இத்தோட முடிஞ்சிடும்."

ஒரு வார்த்தை. 'ஆமா' என்றால் போதும். திங்கட்கிழமை வேன் கைக்கு வந்துவிடும். காலையில் வயிற்றெரிச்சலைக் கிளப்பிவிட்டுப் போன மனுஷருக்கும் நல்ல பாடமாக இருக்கும். அவள் வாய் திறந்தே இருந்தது. நாக்கு நுனியில் வந்து நின்ற வார்த்தை மட்டும் வெளியே வரவில்லை.

அவர் அங்கே நிற்கிற கோலம் அவள் கண்ணில் வந்தது. கிளிப் அட்டையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டுதான் நிற்பார். இந்த ஊர் அவரைத் திட்டாத திட்டு இல்லை. கல்நெஞ்சன் என்றார்கள், கர்வம் பிடித்தவர் என்றார்கள், பிழைக்கத் தெரியாதவர் என்று அவளே சொல்லியிருக்கிறாள். பொய் சொல்கிறவர் என்று மட்டும் ஒருத்தர் வாயிலிருந்தும் வந்ததில்லை. முதல் ஆளாக அதைச் சொல்லப்போவது தானா? அவர் நேற்று "நல்ல பிரேக்" என்று சொன்னபோது தனக்குக் கால் தரையில் பாவாமல் போனதே, அது எதனால் என்றும் அப்போது புரிந்தது.

"அவர் சொல்றது நிஜம்தாங்க" என்றாள். "நான் முன்னாடியே காலை வெச்சிட்டேன்."

அந்தப் பக்கம் தேன் வற்றிப்போய் போன் வைக்கப்பட்டது. அவள் நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். நல்லது செய்துவிட்டோம் என்று அழவில்லை; கைக்கு வந்ததைக் கோட்டைவிட்டோமே என்றுதான் அழுதாள். அதையும் உள்ளபடி சொல்லிவிட வேண்டும்.

இல்லத்துக்கு அவளே நேரில் போய் விஷயத்தைச் சொன்னாள். மேலாளர் அம்மா கேட்டுக்கொண்டார், வருத்தப்பட்டார், ஆனால் காத்திருக்க முடியாது என்றார். காலையில் வர வேண்டிய பெரியவர்களை யார் கூட்டிவருவது? வேறு ஒரு டிரைவரைப் போட்டுவிட்டார்கள். ஆபீசில் ஃபெயில் சாரை அழைத்து, அவருடைய கோப்பில் ஒரு கண்டனத்தை ஏற்றினார்கள். டெஸ்ட் போகிற வழியை மாற்றவேண்டும் என்று அவரே கேட்டு மாற்றவைத்தார். குமாஸ்தா சும்மா இருப்பாரா? சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. "வீட்டுக்காரிக்கே ஃபெயில் போட்டுட்டாருப்பா" என்று டீக்கடையில் சிரியோ சிரி. முடிதிருத்துகிறவர் மட்டும் சிரிக்கவில்லை. அடுத்த தடவை இவர் போய் உட்கார்ந்தபோது கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "லெஃப்ட்ல திரும்பும்போது சிக்னல். சரி சார். கத்துக்கிறேன்" என்றாராம்.

வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. சாப்பாடு மேஜைக்கு வரும். பரிமாற ஆள் வராது. அவர் உப்பைப் பற்றி மூச்சுக் காட்டாமல் சாப்பிட்டுவிட்டுப் போவார்.

அவள் மறுபடியும் கிளட்ச் அண்ணனிடம் போனாள். வீம்புக்குத்தான் போனாள். "எனக்கு ஓட்டத் தெரியும். அந்த மனுஷர்தான் குட்டையைக் குழப்பிட்டாரு" என்றாள். கிளட்ச் அண்ணன், "அதுக்கென்னம்மா, ஒரு சுத்து சுத்திட்டு வருவோம்" என்று ஏறி உட்கார்ந்தார். அவள் போகாத தெருக்களாகப் பார்த்துப் போகச் சொன்னார். தன் வயிற்றுக் கோளாறைப் பற்றி விஸ்தாரமாகப் பேசிக்கொண்டே வந்தவர், மாத்திரை பெயரைச் சொல்கிற அதே குரலில், "நிறுத்தும்மா" என்றார்.

இடது கால் முந்திக்கொண்டு கிளட்சை மிதித்தது. வலது கால் ஆக்ஸிலேட்டரை விட்டு வர யோசித்தது. பிறகுதான் பிரேக்குக்கு வந்தது. வண்டி குலுங்கி நின்றது.

அவள் கதவைத் திறந்து இறங்கிப் பார்த்தாள். ஆட்கள் தெருவைக் கடப்பதற்காக ரோட்டில் போட்டிருந்த வெள்ளைக் கோடுகள் வேனின் வயிற்றுக்குக் கீழே கிடந்தன. அவற்றில் யாரும் இல்லை. ஆளில்லாத நேரம் பார்த்துத்தான் அண்ணன் சொல்லியிருக்கிறார். அவள் குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தபடியே நின்றாள். இல்லத்து வேன் ஊன்றுகோலோடு மெதுவாக நடக்கிறவர்களுக்கானது. ஏறுவதற்காக அதன் முன்னாலேயே குறுக்கே நடந்து வருவார்கள். அந்த டெஸ்ட் செல்லுபடியாகியிருந்தால் திங்கட்கிழமை காலை அவர்கள் நடுவில்தான் அவள் வண்டி ஓட்டியிருப்பாள்.

"கிளட்சுதான் காரணம்" என்றார் அண்ணன், உள்ளேயிருந்து.

"இல்லண்ணே" என்றாள் அவள். "எனக்கு நீல கேட் மட்டும்தான் தெரிஞ்சிருக்கு. நிறுத்தத் தெரியல."

அன்று சாயங்காலம் அவர் சாப்பிட உட்கார்ந்தபோது அவள் பக்கத்தில் நின்று பரிமாறினாள். ஏன் என்று அவர் கேட்கவில்லை. ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, தயங்கித் தயங்கி, "உப்பு கொஞ்சம் கம்மி" என்றார். அவள் உப்பு டப்பாவை நகர்த்தி வைத்தாள். அந்த வீட்டில் சமாதானம் அப்படித்தான் ஆனது.

அதற்குப் பிறகு நாள் தவறாமல் ஓட்டினாள். எங்கே சொன்னாலும் எப்போது சொன்னாலும் கால் தானாகப் போகிற வரை கிளட்ச் அண்ணனை விடவில்லை. அவருக்கு வயிற்றுக் கோளாறே மறந்துபோனது. இன்னொரு அதிகாரி கால் கட்டுப் பிரித்து வேலைக்கு வந்ததும் அவரிடம் டெஸ்டுக்குப் போனாள். அவர் கொஞ்சம் இளகின மனசுக்காரர். வண்டியில் ஏறியதும், "நம்ம வீட்டு ஆளு நீங்க. எங்க நிறுத்தச் சொல்லுவேன்னு வேணா சொல்லிடட்டுமா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

"வேண்டாங்க" என்றாள். "தெரிஞ்சா கால் கெட்டுப்போகும்."

அவள் வீடு வந்து சேர்ந்தபோது வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்து, சட்டையைக் கூட மாற்றாமல் மேஜையில் உட்கார்ந்திருந்தார். வாசல் கதவு திறந்த சத்தத்தில் எழுந்துவிட்டார்.

"பாஸ்" என்றாள்.

அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது அழுக்காக இருந்ததாகத் தெரியவில்லை. அவள் பைக்குள் அப்போதே ஒரு பாதி வேலையும் இருந்தது. வரும் வழியில் இல்லத்தில் நுழைந்து கேட்டிருந்தாள். காலை நடைக்கு ஆள் இருக்கிறது, மாலை நடையை மட்டும் எடுத்துக்கொள்கிறீர்களா என்றார் மேலாளர் அம்மா. அரை வேலைக்கு அரைச் சம்பளம்தான். சரி என்று சாவியை வாங்கி வந்துவிட்டாள். அந்த அம்மா சாவியைக் கொடுக்கும்போது, "உங்க வீட்டு லைசன்ஸ்னா நாங்க சந்தேகமே பட மாட்டோம்" என்று சொன்னதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் மனுஷருக்குத் தலைகால் புரியாமல் போய்விடும் என்று தனக்குள்ளேயே வைத்துக்கொண்டாள்.

சாப்பிடும்போது அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. புது வழி எப்படி இருக்கிறது, மேட்டில் எடுத்தாளா, திருப்பத்தில் கண்ணாடியைப் பார்த்தாளா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் சொன்னாள். கடைசியில் ஆவலை அடக்க முடியாமல் கேட்டார்:

"எங்க நிறுத்தச் சொன்னாரு?"

அவள் அவர் தட்டில் இன்னொரு கரண்டி பரிமாறினாள். கரண்டியைப் பாத்திரத்தில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அதெல்லாம் ஆபீஸ் விஷயம், சார்" என்றாள். "சாப்பாட்டு மேஜையில சொல்லக்கூடாது. நீங்க சாப்பிடுங்க."